வடிவமைத்த உரையைக் கோப்பில் எழுதுதல் (உட்பொதி சி நிரலாக்கம்)

உட்பொதி அமைப்புகளில் அளவீடுகளைப் படிக்கத்தக்க எழுத்துவரிசையாக்கி, எஸ்டி அட்டை போன்ற நினைவகத்தில் கோப்பாகச் சேமிக்கும் முறை. கணினியில் எஃப்பிரிண்ட்எஃப் செய்யும் இவ்வேலைக்கு, நுண்கட்டுப்படுத்திகளில் ஃபேட்எஃப்எஸ் நூலகத்தின் எஃப்_பிரிண்ட்எஃப் உண்டு. ஆனால் அதன் இயல்பான அமைவில் தசம எண்களை எழுத இயலாது. ஆகவே 1999 சி தரத்தில் இடம்பெற்ற எஸ்என்பிரிண்ட்எஃப் கொண்டு வரியை இடையகத்தில் அமைத்து, எஃப்_ரைட் மூலம் எழுதுவதே மேல். எஸ்என்பிரிண்ட்எஃப் இடையகத்தின் எல்லையை மீறாது. ஒரு கண்ணி உண்டு: அது திருப்பித் தருவது, இடம் இருந்திருந்தால் எழுதியிருக்கக்கூடிய எழுத்துகளின் எண்ணிக்கை. வரி வெட்டுப்பட்டபோது அந்த எண்ணிக்கையையே எஃப்_ரைட்டுக்கு நீளமாகக் கொடுத்தால், இடையகத்துக்கு அப்பாலுள்ள குப்பையும் கோப்பில் ஏறும்.

தசம எண் ஆதரவு நிரலைப் பெருக்கும் என்பதால், 23.57 பாகையை 2357 என முழு எண்ணாக வைத்து 100ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் புள்ளியிட்டு எழுதுவர். -0.57 வரும்போது ஈவு 0 ஆகிக் குறி தொலையும். குறியைத் தனியே எழுத வேண்டும். பைனரியாக எழுதினால் இடம் மிச்சம் என்ற மறுப்பு சரிதான். ஆயினும் சிஎஸ்வி உரையை எந்த விரிதாளிலும் திறக்கலாம், பழுதான வரி கண்ணுக்கே தெரியும்; ஜிகாபைட் கணக்கில் இடமுள்ள அட்டையில் அந்த மிச்சம் அற்பம். பெரிய ஆபத்து மின்தடைதான். எஃப்_சிங்க் அல்லது எஃப்_குளோஸ் அழைக்கும்வரை கோப்பின் புதிய அளவு அட்டையில் பதியாது.