மேற்கரையும் கிழக்கரையும்: நடுநாட்டில் அரங்கேற்ற மரபு

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையிலான இருப்புப்பாதையில் அமைந்த முண்டியம்பாக்கமும் அதன் சுற்றுவட்டாரமும், சோழநாட்டிற்கும் தொண்டைநாட்டிற்கும் நடுவே கிடந்த நடுநாட்டைச் சேர்ந்தவை. பாட்டோடு நெடுங்காலத் தொடர்புடையவை. ஊரை அடுத்த பனையபுரமே சம்பந்தர் பதிகம் பெற்ற புறவார்பனங்காட்டூர். விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரோ தேவார மூவரின் பாடலையும் பெற்ற தலம். புதிதாகக் கட்டிய பாட்டை உலகிற்கு விடுமுன் அறிந்தவர் செவியில் இட்டுக் குறைகேட்கும் வழக்கத்தின் வரலாற்றை ஆராய்வோர்க்குத் திருவாமாத்தூரை விடப் பொருத்தமான ஊர் வாய்ப்பது அரிது.

அவ்வழக்கத்திற்குத் தமிழில் அரங்கேற்றம் என்று பெயர். இன்று அச்சொல் மேடையில் முதன்முறை தோன்றும் நடனத்தையே பெரிதும் குறித்தாலும், புலவர் உலகில் அது ஒரு தேர்வாக இருந்தது: நூலாசிரியன் அவை நடுவே தன் ஏட்டை விரித்துப் பாடிப் பொருள் சொல்ல, கேட்போர் தடை எழுப்ப, அவன் விடை கூறி நிறுவ வேண்டும். தொல்காப்பியத்தின் பாயிரமே, அந்நூல் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு முன் எடுத்துரைக்கப்பட்ட செய்தியைப் பதிந்துள்ளது. அவ்வாசான் எல்லாவற்றிலும் குற்றம் காண முற்பட்டதாகவும், தொல்காப்பியர் அனைத்திற்கும் விடையளித்ததாகவும் நச்சினார்க்கினியர் உரை விரிக்கும். பவணந்தியின் நன்னூல், ஒரு நூலின் சிறப்புப்பாயிரம், அதாவது அந்நூலுக்கே உரிய முன்னுரை, கூறவேண்டிய செய்திகளை எட்டாக வகுத்து, காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரையும் குறிப்பிடுகிறது. களம் என்பது நூல் அரங்கேறிய அவை. இன்ன அவை கேட்டது என்பதும், ஆக்கியோன் பெயரைப் போலவே, நூலோடு சேர்த்துச் சொல்லத்தக்க செய்தியாக மதிக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

திருவாமாத்தூரின் கதை இரட்டையர் எனப்படும் இரு புலவர்களைப் பற்றியது. பொதுவாக 14ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் இவர்களுள் ஒருவர் கால் இழந்தவர், மற்றவர் கண் இழந்தவர். நடக்க இயலாதவர் தோள்மீது அமர்ந்து வழிகாட்ட, பார்வையற்றவர் சுமந்து நடந்தார் என்பது மரபுச் செய்தி. வெண்பாவின் முற்பாதியை ஒருவர் பாட, பிற்பாதியை மற்றவர் முடிப்பாராம். இவ்வமைப்பில் ஒரு நுட்பம் உண்டு: ஒவ்வொருவருக்கும் முதல் செவி மற்றவருடையதே, பாதியில் நின்ற பாட்டை உடனிருப்பவர் எவ்வாறு கேட்டார் என்பதைப் பொறுத்தே அது முடிவு பெற்றது. தனியே அமர்ந்து எழுதி முடித்தபின் பிறரிடம் காட்டும் முறையை விட இது ஒருபடி நெருக்கமானது. வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்த அரைகுறைப் பாட்டை நண்பருக்கு அனுப்பி மறுமொழிக்குக் காத்திருக்கும் இன்றைய இளைஞர் நாடுவதும் அத்தகைய செவியையே.

இவ்விருவரும் திருவாமாத்தூர்ப் பெருமான்மீது ஒரு கலம்பகம் பாடினர். கலம்பகம் என்பது பலவகைப் பாக்களும் பதினெட்டு உறுப்புகளும் கலந்து வரும் சிற்றிலக்கியம். தேவர்க்கு நூறு பாட்டு என அளவு வகுத்துள்ளது பாட்டியல் இலக்கணம். இருவரும் தம் கலம்பகத்தை அரங்கேற்றுகையில், கோயில் பம்பையாற்றின் மேற்கரையில் உள்ளதாக ஒரு பாட்டில் வர, அவையினர் இடைமறித்து, கோயில் இருப்பது கிழக்கரையில் அன்றோ என்று வினவினர். அன்றிரவே வெள்ளம் பெருகி ஆறு தடம் மாறிப் பாய, விடிந்தபோது கோயில் மேற்கரையில் நின்றது என்று கதை முடிகிறது.

ஆறு தடம் மாறுவது இயற்கையில் நிகழக்கூடியதே. ஆயினும் இக்கதையில் ஆற்றை விட அவையே முதன்மையானது. அங்கே எழுந்த தடை யாப்பைப் பற்றியதன்று; இலக்கணம் கற்றவர்தான் எழுப்பவேண்டும் என்பதும் அன்று. அன்றாடம் ஆற்றைக் கடப்பவர் எவரும் கேட்கக்கூடிய வினா அது. ஊரைப் பாடினால் ஊரார்க்கு அதைச் சரிபார்க்கும் உரிமை உண்டு என்பதைக் கதை ஐயமின்றி ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டபின், பாட்டைத் திருத்த மனமின்றி ஆற்றைத் திருத்திவிடுகிறது.

காஞ்சிக் குமரகோட்டத்துக் கதையும் இதே போக்கினது. கச்சியப்ப சிவாச்சாரியார் நாள்தோறும் நூறு பாட்டு எழுதி ஏட்டை முருகன் திருமுன் வைக்க, மறுநாள் அது திருத்தப்பட்டிருக்கும் என்பர். கந்தபுராண அரங்கேற்றத்தில் முதற்பாட்டின் முதற்சொற்களிலேயே புணர்ச்சி விதி பொருந்தவில்லை என்று தடை எழ, சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியம் என்னும் இலக்கண நூலைக் கொணர்ந்து அதற்கு விதி காட்டினாராம். அவை விதியைக் கேட்டது, நூல் ஆதாரம் காட்டியது, வழக்கு தீர்ந்தது. தெய்வத்தின் பெயரால் சொல்லப்படும் இக்கதைகளுக்குப் பின்னே, இரவெல்லாம் அமர்ந்து ஏட்டைத் திருத்திய மாணவர்களும் ஆசிரியர்களும் இருந்திருக்க வேண்டும். அவர்கள் பெயர் மறைந்துபோனது வருந்தத்தக்கது.

19ஆம் நூற்றாண்டில் இம்மரபு இசைப்பாட்டோடு மோதிய நிகழ்ச்சி ஒன்றை உ.வே. சாமிநாதையர் பதிந்துள்ளார். கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அணுகினார். இலக்கணப் பிழைகள் மலிந்த அதற்குப் பாயிரம் தரப் பிள்ளை பலமுறை தயங்கினார். ஒருநாள் காத்திருந்த பாரதியார் தமக்குள் பாடிக்கொண்டிருக்க, உள்ளே இருந்து கேட்ட பிள்ளை உருகிப் பாயிரம் அளித்தார். ஏட்டில் கண்டு மறுத்ததைச் செவியில் கேட்டு ஏற்றார் என்பதே இதன் சிறப்பு. இசைப்பாட்டை எழுத்தாக மட்டும் வைத்து மதிப்பிடுதல் அதற்குச் செய்யும் குறை என்பதை அப்பெரும்புலவர் தம் செயலால் காட்டினார்.

திருவாமாத்தூர் மீண்டும் பேசப்பட்டது வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளால் (1839–1898). சந்தம் அமைந்த வண்ணப்பாட்டில் வல்லவரும், தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைப் புலவர் புராணம் எனச் செய்யுளில் தொகுத்தவருமான அவர், தம் இறுதிக்காலத்தில் அங்கே கௌமார மடம் கண்டு அங்கேயே மறைந்தார். அவரிடம் தமிழ் கற்ற சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அக்கல்வியை நாடகக் கொட்டகைக்குக் கொண்டுசென்றார். நாடக வாத்தியாராகச் சிறுவர்க்குப் பாட்டைத் தாமே சொல்லிக்கொடுத்து ஒத்திகை பார்த்த அவருடைய பாடல்களுக்குத் தீர்ப்பு வழங்கியது புலவர் அவையன்று. சீட்டு வாங்கி வந்து, பிடித்த பாட்டுக்கு ‘ஒன்ஸ்மோர்’ என்று குரல் கொடுத்து நாடகத்தையே நிறுத்திவைத்த பொதுமக்கள்.