இளையரிடம் பேசவும் பயிற்சி வேண்டும்

சிங்கப்பூரில் முஸ்லிம் இளையர்களின் சமயச் சந்தேகங்கள் இப்போது பள்ளிவாசல் வகுப்பில் மட்டும் எழுவதில்லை. நள்ளிரவில் கைப்பேசியில் எழுகின்றன. பதில் சொல்பவர் யாரென்றே தெரிவதில்லை. தீவிரவாதச் சிந்தனையால் 15 வயது மாணவர் ஒருவர் தடுத்துவைக்கப்பட்ட செய்தி 2023ல் வெளியானது.

சமய ஆசிரியர்களை இங்கு ‘அசாத்திஸா’ என்பர். அவர்களுக்கான அங்கீகாரத் திட்டம் 2005ல் தொடங்கி, 2017 ஜனவரி முதல் கட்டாயமானது. பதிவு பெற்றபின்னும் தொடர்ந்து பயில வேண்டும். இளையரை நாடிச் செல்ல முயிஸ் எனும் இஸ்லாமிய சமய மன்றம் தனியே ஓர் அசாத்திஸா கட்டமைப்பையும் நடத்துகிறது. ஆலோசனை வழங்கும் முறையும் சமூக ஊடகப் பயன்பாடும் அவர்களின் பயிற்சியில் அடங்கும்.

கைதானோரைச் சந்திக்க 2003ல் உருவான சமய மறுவாழ்வுக் குழுவும் தொண்டூழியர்களுக்கு ஆலோசனைப் பயிற்சி அளிக்கிறது. மார்க்க அறிவு இருந்தால் மட்டும் போதாது, முதலில் கேட்கத் தெரிய வேண்டும். கோபமாகக் கேட்கும் பிள்ளையெல்லாம் தீவிரவாதி அல்ல. தேர்வு, குடும்பத் தகராறு, தனிமை என்று காரணம் வேறாகவும் இருக்கலாம். சந்தேகப் பார்வை பார்த்தால் அடுத்த முறை அந்தப் பிள்ளை வாயே திறக்காது.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் இன்னொரு சிக்கல். சவுத் பிரிட்ஜ் சாலை ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை உரை தமிழில் ஒலிக்கிறது. பிள்ளைகள் பலர் சந்தேகம் கேட்பதோ ஆங்கிலத்தில்.