பிள்ளையை ஏன் 'வாப்பா' என்கிறோம்?

என் தங்கையின் மகனுக்கு மூன்று வயது. சென்ற பெருநாளன்று உம்மா அவனை "என்ட வாப்பால்ல, ஒரு வாய் தின்னுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். வந்திருந்த உறவினர் ஒருவர் குறுக்கிட்டார். பெற்றவரைத் தவிர வேறொருவரை வாப்பா என்பது மார்க்கத்துக்கு முரண், அறியாக் காலத்துப் பழக்கம் என்றார். உம்மா ஒன்றும் பேசவில்லை. அன்று முழுக்கப் பேரனைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார். அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

அறபிகளிடமிருந்து வந்தது என்போர் உண்டு. எகிப்திலும் ஷாமிலும் தகப்பன் பிள்ளையை 'யா பாபா' என்பதும் தாய் 'யா மாமா' என்பதும் உண்மைதான். ஆனால் அங்கே கூப்பிடுபவர் தன் உறவுப் பெயரையே பிள்ளைக்குக் கொடுக்கிறார். தாய்க்கு மகனும் 'மாமா', மகளும் 'மாமா'. நம் வீடுகளில் அப்படியில்லை. யார் கூப்பிட்டாலும் ஆண்பிள்ளை வாப்பா, பெண்பிள்ளை உம்மா. உம்மும்மாவும் அப்படித்தான், சாச்சியும் அப்படித்தான். அயல்வீட்டுத் தமிழ்த் தாய் மகனை 'வாப்பா' என்ற இடத்தில் 'அப்பா' என்பாள், மகளை 'அம்மா' என்பாள். ஆகவே சொல் நம்முடையது, அதை ஆளும் இலக்கணம் தமிழுடையது.

இதற்குள் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்', அதாவது பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பதிலிருந்து வந்தது. எனக்கும் என் அப்பாவின் பெயர்தான் வைத்தார்கள். வாப்பும்மா தன் புருஷனின் பெயரை வாயால் சொல்லமாட்டார். பிறகு பேரனை எப்படிக் கூப்பிடுவது? சாகும்வரை நான் அவருக்கு 'வாப்பா'தான்.

மார்க்கம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயரால் அழையுங்கள் என்ற அஹ்ஸாப் சூறாவின் வசனம் வம்சத்தைப் பற்றியது. கொஞ்சல் அதில் வராது. நபி (ஸல்) அவர்கள் தம் பிள்ளையல்லாத அனஸ் (ரழி) அவர்களை 'யா புனைய்ய', என் சின்ன மகனே, என்று அழைத்தது ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. அனஸின் தம்பியான சிறுவனை 'அபூ உமைர்', உமைரின் தந்தை, என்று அழைத்து, அவன் வளர்த்த குருவியைப் பற்றி விசாரித்தது புகாரியில் உண்டு. புத்தாடை உடுத்திய ஒரு சிறுமியை 'உம்மு காலித்' என்றார்கள். பால்மணம் மாறாத பிள்ளைகள் தந்தையாகவும் தாயாகவும் அழைக்கப்பட்டிருக்கிறார்கள். நம்முடைய வழக்கமும் 'குன்யா'வும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. இரண்டும் வேறு. ஆனால் குற்றம் காண ஒன்றுமில்லை.

சொல்லப்போனால் அறபியில் செல்லப் பெயரே பெயராகிவிட்டது ஏராளம். ஹஸனின் சிறு வடிவம் ஹுஸைன், அப்தின் சிறு வடிவம் உபைத், ஸஹ்லின் சிறு வடிவம் ஸுஹைல். நம் கிழக்கிலும் சின்னலெவ்வை, தம்பிலெவ்வை, சீனிமுகம்மது என்று எத்தனை மூத்தவர்கள்! தொட்டிலில் கொஞ்சிய சொல்லோடு அவர்கள் உறுதிக்குக் கையொப்பமிட்டார்கள்.

இதையெல்லாம் தேடி எடுத்துக்கொண்டு உம்மாவிடம் போனேன். அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. பெருநாளுக்கு மறுநாள் சுபஹு தொழுத கையோடு, "வாப்பா எழும்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாராம்.