ஏரி நகரான வரலாறு

சென்னையின் மேற்கெல்லையில் நுங்கம்பாக்கம், மாம்பலம் என நீண்டு கிடந்த ஏரியின் ஒரு பகுதியை, 1920-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் பிறந்த சில வருஷங்களுக்குள்ளாகவே நீர் வடித்து மனைகளாக வகுத்த பொழுது, மீனும் நாரையும் வாழ்ந்த ஸ்தலம் மனிதரின் வாசஸ்தலமாக மாறிற்று. பனகல் அரசரின் நாமம் தாங்கிய பூங்காவை நடுநாயகமாக வைத்து, வீதிகளை நாற்றிசையும் ஓடவிட்டு, 1925-இல் காலஞ்சென்ற நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயரையே அப்புதுநகருக்குச் சூட்டினர். வீதிகள் சிலவற்றிலும் நீதிக்கட்சிப் பிரமுகர்களே குடியேறினர் (பெயர் சூட்டுவதில் அக்கட்சியார் சிக்கனம் பாராட்டியவர் அல்லர்). அமைதியான இல்லங்களுக்கிடையே பாண்டி பஜாரும், பின்னர் ரங்கநாதன் தெருவின் ஜவுளிக் கடைகளும் தழைத்தோங்கி, வாசமும் வியாபாரமும் பிரிக்கவொண்ணாதபடி கலந்துவிட்டன. ஏரிக்கோ, நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ என்னும் பெயர் மாத்திரமே எஞ்சியது.