லேசரின் கதையில் சூடுதான் வில்லன்

இன்னைக்கு எபிசோட் லேசர் பற்றி. ஆனா ஒளியை விட சூட்டைப் பற்றித்தான் அதிகம் பேசப்போறோம்.

1960 மே 16. கலிஃபோர்னியாவின் மாலிபுவில் ஹியூஸ் ஆய்வுக்கூடம். தியோடர் மைமன், செயற்கை மாணிக்கக் கல்லில் செய்த ஒரு சின்ன உருளையைச் சுற்றி, ஸ்பிரிங் மாதிரி சுருண்ட ஃபிளாஷ் விளக்கை வைத்து மின்ன விட்டார். உலகின் முதல் லேசர் பிறந்தது. ஆனா விளக்கு கொடுத்த சக்தியில பெரும்பகுதி லேசரா மாறல, சூடாத்தான் போச்சு.

1964-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் நியோடிமியம் கலந்த யாக் படிகம் வந்தது. கண்ணாடியை விட நல்லா வெப்பம் கடத்தும். அப்போ பவரைக் கூட்டிக்கிட்டே போகலாமே? அங்கதான் சிக்கல். உருளையின் வெளிப்பக்கத்தைத் தண்ணீர் குளிர்விக்கும், நடுப்பகுதி கொதிக்கும். இந்த வித்தியாசத்தால் ஒளிவிலகல் எண் மாறி, படிகமே ஒரு லென்ஸ் ஆகிடும். கதிர் கோணலாகும். இன்னும் கூட்டினா, சுடுதண்ணி ஊத்தின கண்ணாடி டம்ளர் மாதிரி விரிசல் விடும். நம்ம லேப்டாப் சூடானா தானா வேகத்தைக் குறைச்சுக்கும். படிகத்துக்கு அந்த வசதி இல்ல.

பொறியாளர்கள் ரெண்டு வழியில் போனார்கள். ஒன்று, சூட்டையே குறைப்பது. விளக்குக்குப் பதில் டையோடு லேசர் வைத்தாலும், 808 நானோமீட்டர் ஒளி உள்ளே போய் 1064-ஆக வெளியே வரும்போது சுமார் 24% சக்தி உள்ளேயே தங்கும். இட்டர்பியத்தில் 940 உள்ளே, 1030 வெளியே. இழப்பு சுமார் 9% தான்.

இன்னொன்று, வடிவத்தை மாற்றுவது. 1990களில் ஸ்டுட்கார்ட்டில் அடோல்ஃப் கீசன் குழு, படிகத்தை நாணயத்தை விட மெல்லிய தட்டாக்கி, பின்பக்கம் முழுக்கக் குளிர்வித்தது. சூடு கதிரின் திசையிலேயே வெளியேறுவதால் லென்ஸ் தொல்லை வெகுவாகக் குறைந்தது. எலியாஸ் ஸ்னிட்சர் 1960களிலேயே தொடங்கிவைத்த ஃபைபர் லேசர் இன்னொரு விடை. மெல்லிசா, நீளமா இருக்கிறதால சூடு சீக்கிரம் வெளியே வந்துடும். இன்னைக்குத் தொழிற்சாலைகளில் இரும்புத் தகடு வெட்டுவதில் இதுதான் முன்னணி.

ஆனா சண்டை முடியல. 2022 டிசம்பர் 5 அன்று, லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கதிர்கள் 2.05 மெகாஜூலை ஒரு சின்ன இலக்கில் கொட்ட, அணு இணைவில் 3.15 மெகாஜூல் திரும்பி வந்தது. உலகமே கொண்டாடியது. ஆனா அங்கேயும் கண்ணாடிப் பலகைகளுக்கு ஃபிளாஷ் விளக்குதான். ஒரு முழு ஷாட்டுக்குப் பிறகு, அவை ஆற மணிக்கணக்காகும். மின்நிலையம் நடத்தணும்னா நொடிக்குப் பல ஷாட் வேணும்.

அதனால லேசர் மின்நிலையம் பற்றி அடுத்த தடவை செய்தி படிச்சா, "அந்தச் சூடு எந்த வழியா வெளியே போகுது?"ன்னு கேளுங்க.