சென்னை – சேலம் எட்டு வழிச்சாலை விவாதம்

சென்னை – சேலம் எட்டு வழிச்சாலை என்பது பாரத்மாலா திட்டத்தின் கீழ் 2018ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட, 277 கி.மீ. நீளமுள்ள பசுமைவழிச் சாலைத் திட்டமாகும். மதிப்பீடு சுமார் 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்கள் வழியாக இது திட்டமிடப்பட்டது.

இரு நகரங்களுக்கிடையே கிருஷ்ணகிரி வழியாகவும் உளுந்தூர்பேட்டை வழியாகவும் நெடுஞ்சாலைகள் ஏற்கெனவே உள்ளன. பயண நேரம் வெகுவாகக் குறையும், தொழில் வளரும் என்றது அரசு. இருக்கும் சாலைகளை அகலப்படுத்தினால் போதாதா என்று கேட்டனர் உழவர்கள். வயல்களில் அளவுக்கல் நடப்பட்டபோது எதிர்ப்பு வலுத்தது. கிணறு சாலைக்குள் போய்விட்டால் எஞ்சிய நிலம் இருந்தும் பயனில்லை. இதை இழப்பீட்டுக் கணக்கில் அடக்குவது எளிதன்று.

நீதிமன்றத்தில் முதன்மையாக எழுந்தது வரிசை பற்றிய வினா: முதலில் சுற்றுச்சூழல் அனுமதியா, நிலமெடுப்பா? அனுமதியே முதலில் என்று கூறி, 8-4-2019 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 8-12-2020 அன்று உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. அறிவிக்கைக்கு முன் அனுமதி தேவையில்லை. சாலைப் பணி தொடங்கும் முன் பெற்றால் போதும் என்றது. ஆனால் அறிவிக்கையை மட்டும் வைத்து வருவாய்ப் பதிவேடுகளில் செய்த பெயர் மாற்றம் செல்லாது என்ற முடிவை அது அப்படியே ஏற்றது.