தோட்டா வாங்குவோர் மீதான சோதனையும் புதுச்சேரி எல்லையும்

துப்பாக்கித் தோட்டா வாங்க வருபவர் யார், அதை வாங்கும் தகுதி அவருக்கு உண்டா என்று அரசு முன்கூட்டியே பார்ப்பது புதிய வழக்கமன்று. இந்தியாவில் இதற்கு ஏறத்தாழ 150 ஆண்டு வரலாறு உண்டு. இந்தச் சோதனை எங்கே பலித்தது, எங்கே தோற்றது என்பதை அறியப் புதுச்சேரியின் வரலாறு உதவுகிறது. ஏனெனில் உரிமம் கேட்ட ஆங்கிலேயச் சட்டம் புதுச்சேரியின் எல்லையோடு நின்றுவிட்டது.

1878 ஆம் ஆண்டுச் சட்டம்

லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது 1878 இல் இந்திய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. இந்திய மொழி இதழ்களுக்கு வாய்ப்பூட்டுப் போட்ட சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. துப்பாக்கியைப் போலவே தோட்டாவும் வெடிமருந்தும் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாதவை ஆயின. விற்பவருக்கும் உரிமம் தேவைப்பட்டது. ஆனால் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விதிகளில் விலக்கு இருந்தது. ஒருவரின் நடத்தையைவிட அவரது இனமே முதலில் பார்க்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

1887 இல் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாவது மாநாட்டில் இச்சட்டம் காரசாரமாக விவாதிக்கப்பட்டது. பிபின் சந்திர பால் அதை எதிர்த்துப் பேசினார். காட்டு விலங்குகளிடமிருந்து பயிரையும் உயிரையும் காத்துக்கொள்ளக்கூட வழியில்லை என்பது அன்றைய முறையீடுகளில் ஒன்று. இனத்தைக் கொண்டு விலக்கு அளிக்கும் முறை 1920 ஆம் ஆண்டு விதிகளால்தான் நீங்கியது.

எல்லைக்கு அப்பால்

பிரெஞ்சு நாட்டில் 1885 ஆம் ஆண்டுச் சட்டம் ஆயுத வணிகத்தைப் பெருமளவு கட்டவிழ்த்துவிட்டிருந்தது. இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பகுதிகளிலும் ஆங்கிலேயரின் ஆயுதச் சட்டம் செல்லாது. கல்கத்தாவுக்கு அருகிலிருந்த சந்திரநாகூர் வழியாகக் கைத்துப்பாக்கிகள் வங்காளத்துக்குள் வருவதாக ஆங்கில அரசு கவலைப்பட்டது. சந்திரநாகூர் மேயர் தார்திவேல் ஆயுத இறக்குமதிக்குத் தடை கொண்டுவர முனைந்தார். 1908 ஏப்ரலில் அவர் வீட்டின் மீது வெடிகுண்டு வீசப்பட்டது. அவர் உயிர் தப்பினார்.

புதுச்சேரியின் நிலப்பரப்பும் காவலுக்கு ஏற்றதாக இல்லை. பிரெஞ்சு ஊர்களும் ஆங்கிலேய ஊர்களும் வயல்களுக்கு நடுவே ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. இன்றைய சாரம் பகுதி அடங்கிய உழவர்கரையிலிருந்து வடமேற்கே சிறிது தூரம் நடந்தால் கோரிமேடு. அதைத் தாண்டினால் ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டம். இத்தகைய எல்லை முழுவதையும் காவல் காத்து, மடியில் மறைத்துக் கொண்டுபோகும் தோட்டாக்களைப் பிடிப்பது நடக்கிற காரியமா?

மணியாச்சி, 1911

1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ், மணியாச்சி ரயில் நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். அவர் அங்கேயே தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். பயன்பட்டது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. வாஞ்சி அந்த ஆண்டின் தொடக்கத்தில் விடுப்பு எடுத்துப் புதுச்சேரிக்குச் சென்று, வ. வே. சு. ஐயரிடம் சுடும் பயிற்சி பெற்றதாக 1918 ஆம் ஆண்டின் ரௌலட் குழு அறிக்கை கூறுகிறது. சுடப் பழகுவதற்கும் தோட்டா வேண்டும். ஆங்கிலேயப் பகுதியில் காவலர் கண்ணில் படாமல் அத்தகைய பயிற்சி பெறுவது எளிதாக இருந்திருக்காது.

தோட்டாவை எல்லையில் தடுக்க முடியாதபோது பார்வை ஆட்கள் மீது திரும்பியது. ஆங்கிலேய ஒற்றர்கள் புதுச்சேரியிலேயே தங்கி பாரதி, அரவிந்தர், ஐயர் முதலியோரைக் கண்காணித்தனர். ஏறக்குறைய அதே காலத்தில், அயலார் புதுச்சேரியில் தங்க வேண்டுமானால் உள்ளூர்ப் பிரமுகர்கள் ஐவர் கையொப்பமிட்ட நன்னடத்தைச் சான்று காட்ட வேண்டும் என்று பிரெஞ்சு நிர்வாகம் விதித்தது. கலவை சங்கர செட்டியாரின் முயற்சியால் கையொப்பங்கள் கிடைத்தன. இன்று துப்பாக்கி உரிமத்துக்குச் செய்யப்படும் நடத்தை விசாரணையை ஒத்த ஒன்று, அன்று வீட்டில் குடியிருப்பதற்கே செய்யப்பட்டது!

தோட்டா இல்லாத துப்பாக்கி

இதனால் கட்டுப்பாடு முழுவதும் வீண் என்று முடிவு கட்டிவிடலாகாது. 1914 ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாவின் ரோடா நிறுவனத்துக்கு வந்த சரக்கில் 50 மாசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் புரட்சியாளர் கைக்குப் போயின. கடத்தலுக்கு உதவியவர் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே. அந்தத் துப்பாக்கிகள் பின்னர் 54 கொள்ளை, கொலை, கொலை முயற்சி நிகழ்ச்சிகளில் பயன்பட்டதாக ரௌலட் குழு கணக்கிட்டது. ஐம்பது துப்பாக்கிகளை அத்தனை நாள் உயிரோடு வைத்திருந்தவை கூடவே கிடைத்த தோட்டாக்கள்தாம்.

இதற்கு மறுதலையாக 1930 ஏப்ரல் 18 அன்று சிட்டகாங்கில் நடந்ததைச் சொல்லலாம். சூர்யா சென் குழுவினர் துணைப்படையின் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றினர். துப்பாக்கிகள் கிடைத்தன, அவற்றுக்குரிய தோட்டாக்கள் அவர்கள் கண்ணில் படவில்லை. மாதக்கணக்கில் போட்ட திட்டத்தின் பெரும்பகுதி அந்த இடத்திலேயே சரிந்தது. துப்பாக்கி தலைமுறைகளுக்கு நிலைக்கும். தோட்டாவோ சுட்டவுடன் தீர்ந்து மீண்டும் வாங்க வேண்டிய பொருள். ஆகவே வாங்குமிடத்தில் வைக்கும் சோதனைக்குப் பலன் உண்டு, வாங்குமிடம் அரசின் கைக்குள் இருக்கும் வரை.

இணைப்புக்குப் பின்

1954 நவம்பர் 1 இல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16 இல் இணைப்பு சட்டப்படி முழுமையடைந்தது. 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1963 ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் வழியாகப் புதுச்சேரிக்கும் விரிவாக்கப்பட்டது. கோரிமேட்டுக்கு இருபுறமும் ஒரே சட்டம் என்றானது.

இச்சட்டப்படி உரிமம் கேட்பவரைப் பற்றிக் காவல் நிலையத்திலிருந்து அறிக்கை பெறப்படுகிறது. வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவருக்குக் குறிப்பிட்ட காலம் வரையிலும், மனநலம் குன்றியவருக்கும் உரிமம் இல்லை. எவ்வகைத் தோட்டா, எத்தனை என்பது உரிமத்திலேயே எழுதப்படும். அதைக் காட்டாமல் கடையில் வாங்க முடியாது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒவ்வொரு முறை தோட்டா வாங்கும்போதும் பின்னணிச் சோதனை செய்யும் முறை 2019 ஜூலை 1 இல் தொடங்கியது. முதல் ஏழு மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவேட்டில் விவரம் பொருந்தாமையால் திருப்பி அனுப்பப்பட்டனர். உண்மையில் தடை செய்யப்பட்டவர்களாகப் பிடிபட்டோர் ஆயிரத்துக்கும் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வு நீதிமன்றத்தில் பெரும் வாதப் பொருளாயிற்று. தடை உண்டு என்று அறிந்தவர் கடைக்கே வராமல் போயிருக்கலாம் என்பது சட்டத்தை ஆதரிப்போர் சொல்லும் விடை. வராதவரை எண்ணும் பதிவேடு எந்த நாட்டிலும் இல்லை.

தமிழகத்து நாட்டுத் துப்பாக்கியில் இந்தச் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. அதற்கு ஆலையில் செய்த தோட்டா தேவையில்லை. குழாயின் வாய்வழியே கரிமருந்தையும் ஈயரவையையும் இட்டுக் கெட்டித்தால் போதும். அவற்றைக் கைத்திறன் உள்ளவர் தாமே செய்துகொள்ளலாம். அங்கே உரிமத்தில் எழுதிய தோட்டா எண்ணிக்கைக்கு வேலையே இல்லை.